நாற்பத்தொரு ஹேண்டில்

பஸ்ஸு ஏன் இப்படிச் சுத்திப் போகுதுன்னு கண்டக்டர்கிட்ட கேட்டீங்கல்ல? அவரு சொல்ல மாட்டாரு சார். டிக்கெட் கிழிக்கவே அவருக்கு நேரம் பத்தல. நான் சொல்றேன். நேர் ரோடு இப்ப இல்ல. ஓடையேந்தல் தாண்டி முக்கால் கிலோமீட்டருக்கு ரோடே கிடையாது. போன ஐப்பசியில கண்மாய் ஒடைஞ்சு அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. ஒரு வருஷம் ஆகப் போகுது. பதினோரு உசுரு. பேப்பர்ல பாத்திருப்பீங்க. பாக்கலயா? வெளியூர்ல வேலையா, சரி சரி.

அந்தக் கண்மாய் பொதுப்பணித் துறையில எங்க செக்‌ஷன்தான். நான் வொர்க் இன்ஸ்பெக்டர், பேரு திரவியம். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். முப்பத்தொரு வருஷத்துல ஒரு மெமோ வாங்கினதில்ல சார் நான். இப்ப வாங்கியிருக்கேன். எதுக்குன்னு கேட்டா சிரிப்பீங்க. அந்தப் பதினோரு உசுருக்காக இல்ல. அதுல யார் மேலயும் குத்தமில்ல, இயற்கைச் சீற்றம்னு எழுதி ஃபைல மூடியாச்சு. எனக்கு மெமோ வந்தது பீரோச் சாவியப் பத்திரமா வைக்காததுக்கு. எப்படி இருக்கு பாருங்க. சாவியப் பத்திரமா வைக்காதவனா நான்?

முதல்லருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். பஸ்ஸு போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கே, கேளுங்க.

ஓடையேந்தல் கண்மாய் பெரிய கண்மாய். அதுக்குப் பழைய கலுங்கு ஒண்ணு இருந்துச்சு. கலுங்குன்னா உபரித் தண்ணி போற வழி சார். கல்லுக்கட்டு, அம்புட்டுத்தான். தண்ணி அந்தக் கல்லு மட்டத்துக்கு வந்தா தானா வழிஞ்சு ஓடையில போயிரும். ஆளு வேணாம், பேரு வேணாம். எங்க தாத்தன் பூட்டன் காலத்துலருந்து அப்படித்தான் வழிஞ்சிருக்கு. ஆனா அதுல தண்ணி வீணாப் போகுதுல்ல? அதனால ஆறு வருஷத்துக்கு முன்னால அத இடிச்சிட்டு, ரெண்டடி ஒசத்தி, மூணு இரும்பு ஷட்டர் வச்சுக் கட்டினோம். நல்ல வேலை சார். நான்தான் கூட நின்னு பாத்தேன். தண்ணி கூடுதலா நின்னா ஷட்டரத் திறந்துவிடணும். அதுக்கு ஒரு ஹேண்டில். இசட் எழுத்து மாதிரி வளைஞ்ச இரும்பு, பழைய லாரிக்கெல்லாம் முன்னால விட்டுச் சுத்துவாங்களே, அந்த மாதிரி. ஷட்டர் தலையில மாட்டிச் சுத்தினா கதவு மேல ஏறும். ஹேண்டில் இல்லாட்டி யானையக் கட்டி இழுத்தாலும் ஏறாது.

மொதல்ல அந்த ஹேண்டில் லஸ்கர் இருளாண்டிகிட்டதான் இருந்துச்சு. லஸ்கர்னா கண்மாயக் காவல் பாக்குற ஆளு. ஓடையேந்தல்காரன்தான். கண்மாய்க்குக் கீழ அரசாங்கம் கட்டிக் கொடுத்த காலனியில வீடு. ஆமா, கீழதான். கரைக்கு நேர் கீழ அறுபது வீடு. அங்க எதுக்குக் கட்டினாங்கன்னா மேப்புல அந்த எடம் தரிசுன்னு இருக்கு. தரிசுலதானே கட்ட முடியும்? பள்ளமா மேடான்னு மேப்புல எழுதியிருக்காது.

சரி, ஹேண்டிலுக்கு வர்றேன். வேற எங்கயோ, நம்ம பக்கம் இல்ல, ரெண்டு ஊருக்குத் தண்ணித் தகராறு. ஒருத்தன் லஸ்கர் வீட்டுல பூந்து ஹேண்டிலத் தூக்கிட்டுப் போயி ஷட்டரத் திறந்துவிட்டுட்டான். உடனே மேலருந்து ஒரு ஆர்டர். எல்லாக் கண்மாய் ஹேண்டிலையும் செக்‌ஷன் ஆபீஸ்ல பாதுகாப்பா வைக்கணும். எழுத்துப்பூர்வமா கேட்டு, என்ஜினியர் ஒப்புதல் குடுத்தா மட்டும்தான் வெளிய விடணும்.

நாப்பத்தொரு கண்மாய், நாப்பத்தொரு ஹேண்டில். பத்தே நாள்ல எல்லாத்தையும் வாங்கிட்டு வந்தேன் சார். மாவட்டத்துலயே முதல்ல முடிச்ச செக்‌ஷன் நம்மதுதான். சும்மா போட்டு வைக்கல. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டுத் தகடு கட்டி, எண்ணெய் தடவி, பீரோவுல அடுக்கி வச்சேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பெரிய அதிகாரி பாத்துட்டு, இப்படித்தான்யா இருக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு.

இருளாண்டி மட்டும் அன்னைக்கே மொனகினான். ஆபீஸுக்கும் கண்மாய்க்கும் இருபத்திரெண்டு கிலோமீட்டர் இருக்கேன்னான். நான் சொன்னேன், ஏன்யா, நாளைக்கு எவனாவது உன் வீட்டுல பூந்து எடுத்துட்டா உனக்குத்தானே வம்பு, இனிமே நிம்மதியாத் தூங்குன்னு. நல்லதுக்குத்தானே சொன்னேன்.

அப்புறம் மழை வந்துச்சு. புதன்கிழமை பிடிச்ச மழை. வெள்ளிக்கிழமை காலையில இருளாண்டி ஆபீஸுக்கு வந்து நிக்கிறான், தொப்பலா நனைஞ்சு. தண்ணி கரையத் தொடப் போகுது சார், தெக்கு மடைக்குப் பக்கத்துல கரை ஊறி மண்ணு சரியுது, ஹேண்டிலக் குடுங்க, மூணு ஷட்டரையும் தூக்கிட்டு நாளைக்கே திருப்பிக் கொண்டாந்துருவேன்னான். என்ஜினியர் மேடம் இல்ல. கலெக்டர் ஆபீஸ்ல மழைக்கால முன்னெச்சரிக்கைக் கூட்டம், காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும், போன அணைச்சு வச்சிருக்காங்க. நான் என்ன சார் பண்ண முடியும்? எழுத்துல குடுய்யான்னேன்.

அவன் என்னைய ஒரு பார்வை பாத்தான். "சார், தண்ணி மனு எழுதிக்கிட்டா வருது?" அப்படின்னான்.

கோவமாச் சொல்லல. நெசமாவே கேக்குற மாதிரிதான் கேட்டான். எழுதப் படிக்கத் தெரியாத ஆளு, அவன்கிட்ட என்னத்தப் பேச? டீக்கடையில யாரையோ பிடிச்சு ஒரு தாள்ல எழுதி வாங்கிக்கிட்டு வந்தான். அதுல தண்ணி எத்தனை அடின்னு இல்ல, பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தும் இல்ல. அத நான் வாங்கினா நாளைக்கு ஆடிட்ல யாரு பதில் சொல்றது? நானே உக்காந்து எப்படி எழுதணும்னு சொல்லிக் குடுத்து அனுப்பினேன். அந்த ஒத்தாசைய எத்தனை பேர் செய்வாங்க?

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே வந்துட்டான். லீவு நாள். கையெழுத்து, சீல், எல்லாம் சரியா இருந்துச்சு. தண்ணி அளவு மட்டும் அஞ்சே முக்கால் அடின்னு எழுதியிருந்துச்சு. என்ன இருளாண்டி, எட்டடிக்கு மேல போனாத்தானே திறக்கணும்னு ஆர்டர், அஞ்சே முக்காலுக்கு எப்படித் திறக்குறதுன்னு கேட்டேன். அவன் சொன்னான், சார், அந்தத் தண்ணி அளவு பாக்குற கல்ல நீங்க எங்க நட்டீங்கன்னு உங்களுக்கே தெரியும்ல.

அதையும் சொல்லிர்றேன். அளவுக்கல்லு நட்டதும் நான்தான். நட்ட அன்னைக்குக் கண்மாய்க்குள்ள சேறு. கான்ட்ராக்டர் உள்ள எறங்க மாட்டேன்னுட்டான். அதனால ஓரமா ஒரு பாறை மேட்டுல நிப்பாட்டி சிமெண்ட் போட்டோம். அது கண்மாய்த் தரையிலருந்து ஒரு மூணடி ஒசரம் இருக்கும், அதனால கல்லு காட்டுறதோட மூணடி கூட்டிக்கணும். ஆனா கல்லுல போட்ட கோடு இருக்கே, அதுல ஒரு இஞ்ச் தப்பு கண்டுபிடிக்க முடியாது சார். நானே டேப்பு பிடிச்சு எழுதினது.

மேடத்துக்குப் போன் போட்டேன். போட்டேன் சார், போடலன்னு எவனும் சொல்ல முடியாது. அளவுக்கல்லப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடச் சொல்லுங்கன்னாங்க. இருளாண்டி ஊருக்குச் சொல்லி, யாரோ எடுத்துப் போட்டாங்க. மேடம் பாத்துட்டு, ஆறு அடிதானே வந்திருக்கு, இன்னும் ரெண்டடி இருக்கே, திங்கக்கிழமை நேர்ல வந்து பாக்குறேன்னு சொல்லிட்டாங்க. அந்தம்மா வந்து எட்டு மாசம்தான். பாறை மேட்டு விஷயம் அவங்களுக்குத் தெரியாது. நான் சொல்லலாம்தான். ஆனா அத எப்படிச் சொல்றது? சொன்னா, அப்ப ஆறு வருஷமா நீ குடுத்த ரீடிங் எல்லாம் தப்பான்னு கேக்க மாட்டாங்களா?

என் வீட்டுக்காரி இந்திராணி இருளாண்டிக்குக் காப்பி கொண்டாந்து குடுத்துட்டு அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தா. ஆபீஸ் விஷயத்துல அவ ஒரு நாளும் வாயத் தொறந்ததில்ல. அன்னைக்குத் தொறந்தா. "அந்த அண்ணன் கண்ணால பாத்ததச் சொல்றாரு. நீங்க கல்லு சொல்றதக் கேக்குறீங்களே"ன்னா.

உள்ள போன்னேன். போயிட்டா.

ஞாயித்துக்கிழமை காலையில பால் வாங்கிட்டு வர்றேன்னு கெளம்பினவ வர ரொம்ப நேரமாச்சு. நனைஞ்சுக்கிட்டே வந்தா. எனக்கு ஒண்ணும் தோணல. காப்பியக் குடிச்சேன். எட்டேகால் இருக்கும், ஆபீஸ் வாட்ச்மேன் போன் பண்றான். அம்மா வந்து பீரோவத் தொறந்து ஹேண்டில் ஒண்ணு எடுத்துட்டுப் போனாங்க, நீங்க சொல்லித்தானே சார் வந்தாங்கன்னு கேக்குறான். ஆணியில மாட்டியிருந்த சட்டைப் பையில கைய விட்டேன். சாவி இருந்துச்சு. ஈரமா இருந்துச்சு.

அடுப்படிக்குப் போயி கேட்டேன். மறைக்கல அவ. முந்தின நாள் கடைசி பஸ்ஸு வரலயாம், இருளாண்டி பஸ் ஸ்டாண்டுலயே கெடந்திருக்கான், பால் வாங்கப் போன எடத்துல பாத்திருக்கா. "எடுத்துக் குடுத்துட்டேன். எட்டு மணி பஸ்ஸுல ஏத்தியும் விட்டுட்டேன். இனிமே நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருங்க, அது போதும்" அப்படின்னா.

சும்மா இருக்க முடியுமா சார்? நீங்களே சொல்லுங்க. ஸ்டாக் ரிஜிஸ்டர்ல நாப்பத்தொண்ணு, பீரோவுல நாப்பது. அது அரசாங்கப் பொருள். மேடத்துக்குப் போன் போட்டேன், ஹேண்டில் ஒண்ணக் காணோம்னேன். ஸ்டேஷன்ல சொல்லி ரசீது வாங்கிருங்க, இல்லாட்டி உங்க தலையிலதான் விழும்னாங்க. மொபெட்ட எடுத்துக்கிட்டு மழையோட மழையாப் போயி எழுதிக் குடுத்தேன். ஆனா ஒண்ணு சார். இந்திராணி பேர நான் எழுதல. அடையாளம் தெரியாத நபர்னுதான் எழுதினேன். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவ, அந்த அளவுக்கு ஈரம் இல்லாதவனா நான்? ஓடையேந்தல் பஸ்ஸுல போகுதுன்னு மட்டும் சொன்னேன். கேட்டாங்க, சொன்னேன்.

கூட்டுரோடு செக்போஸ்ட்ல பஸ்ஸ நிறுத்தி இருளாண்டிய எறக்கிட்டாங்க. ஹேண்டில ஒரு உரச்சாக்குல சுத்தி மடியில வச்சிருந்தானாம்.

ஒம்பது மணிக்கு அங்கருந்து ஏட்டையா போன் பண்ணினாரு. நல்ல மனுஷன். என்ன சார் இது, இந்த ஆளு கண்மாய் ஒடையப் போகுதுங்கிறாரு, காலப் பிடிக்கிறாரு, நீங்க புகார வாபஸ் வாங்கிக்கிறேன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, அடுத்து வர்ற லாரியில ஏத்தி அனுப்பிர்றேன்னாரு. நான் மேடத்தக் கேட்டுச் சொல்றேன்னேன். மேடம் போன் போகல. மறுபடி போட்டேன், போகல. அஞ்சு தடவை போட்டேன், எல்லாம் என் போன்ல இருக்கு, வேணும்னா காட்டுறேன். அரை மணி நேரம் கழிச்சு ஏட்டையா திரும்பக் கூப்பிட்டாரு. இந்திராணி எதிர்லதான் நின்னுக்கிட்டு இருந்தா, கையில கரண்டியோட. நான் ஏட்டையாகிட்ட, இன்னும் ஒப்புதல் வரல சார்னேன். அப்படின்னா நான் வழக்குச் சொத்தா எழுதிருவேன், அப்புறம் கோர்ட்டுதான் குடுக்க முடியும்னாரு. எழுதிக்கோங்கன்னேன். வேற என்ன சொல்ல முடியும்?

ஒரு வார்த்தைதான். அது எனக்குத் தெரியாதா? ஆனா வாயால சொன்ன வார்த்தைக்கு ஆபீஸ்ல என்ன மதிப்பு இருக்கு சார்? நாளைக்கு நான் சொல்லவே இல்லன்னு அந்த ஏட்டையாவே சொல்லிட்டா?

பதினொன்னு இருபதுக்குக் கரை ஒடைஞ்சது. தெக்கு மடைக்குப் பக்கத்துல, அவன் சொன்ன அதே எடம். விசாரணையில ஒரு வக்கீல் கணக்குப் போட்டாரு. லாரியில போயிருந்தா பத்து மணிக்குள்ள போயிருப்பான், மூணு ஷட்டரையும் தூக்க முக்கால் மணி நேரம், அதுக்கப்புறம் தண்ணி எறங்கியிருக்கும், கரை நின்னிருக்கும்னு. நின்னிருக்கும்னு யாரு கண்டா? திறந்தும் ஒடைஞ்சிருந்தா? அப்ப திறந்ததாலதான் ஒடைஞ்சுச்சுன்னு என்னையத்தானே பிடிப்பாங்க?

காலனியில முப்பத்தேழு வீடு போச்சு. இருளாண்டி பொண்டாட்டி செல்லத்தாயி, மருமக, ரெண்டு பேரும் போயிட்டாங்க. மகன் திருப்பூர்ல இருந்தான், அவன் தப்பிச்சான். இருளாண்டி அப்ப செக்போஸ்ட் பெஞ்சுலதான் உக்காந்திருக்கான். வயர்லெஸ்ல சேதி வருது, அவன் காதுலயே விழுகுது. அழலயாம் சார். ஏட்டையாதான் சொன்னாரு. எந்திரிச்சு நின்னு, "அந்த ஹேண்டில இனி நீங்களே வச்சுக்கோங்கய்யா"ன்னு சொல்லிட்டு மழைக்குள்ள நடந்து போயிட்டானாம்.

ஒரு வகையில பாத்தா சார், அவன் உசுரக் காப்பாத்தினது நான்தான். பஸ்ஸுலருந்து எறக்காம விட்டிருந்தா அவன் அந்த நேரத்துக்குக் கரை மேலதானே நின்னிருப்பான்? இத நான் இந்திராணிகிட்டயும் சொன்னேன். மனசு கஷ்டத்துல இருக்காளேன்னு ஆறுதலுக்குத்தான் சொன்னேன். ரெண்டு சேலைய மடிச்சுப் பையில வச்சா. ஓடையேந்தல்ல தகரக் கொட்டகை போட்டு ஆளுங்களத் தங்க வச்சிருந்தாங்க, அங்க சமையலுக்கு ஆள் இல்லயாம்னு சொல்லிட்டுப் போனா. ரெண்டு நாள்ல வந்துருவான்னு பாத்தேன்.

விசாரணையில அவளாப் போயி, நான்தான் சாவிய எடுத்தேன்னு சொல்லிட்டா. கேக்கவே இல்ல சார் யாரும். நான் அடையாளம் தெரியாத நபர்னு எழுதி, அவளக் காப்பாத்தி வச்சிருக்கேன். இவ போயி பேரு, ஊரு, வீட்டுக்காரர் பேரு எல்லாம் சொல்லிட்டு வர்றா. அதுலதான் எனக்கு மெமோ. சாவியக் குடும்ப உறுப்பினர் கைக்கு எட்டுற எடத்துல வச்சதுக்கு. இப்பச் சொல்லுங்க, இதுல நியாயம் இருக்கா? காணோம்னு தெரிஞ்ச அரை மணி நேரத்துல புகார் குடுத்தது நான். அதப் பத்தி மெமோவுல ஒரு வரி இல்ல.

தை மாசம் அவளக் கூப்பிடப் போனேன். கொட்டகையில பந்தி நடந்துக்கிட்டு இருந்துச்சு. இருளாண்டி ஓரமா உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தான், என்னையப் பாத்தும் பாக்காத மாதிரி. நானும் ஒரு எலை முன்னால உக்காந்தேன். இந்திராணி வரிசையா எல்லாருக்கும் சோறு போட்டுக்கிட்டே வந்தா. எனக்கும் போட்டா. கொறைக்கல, கூட்டல, எல்லாருக்கும் போட்ட அளவு. கொழம்பு ஊத்திட்டு, "சாப்பிடுங்க சார்"ன்னா.

சார்னா, சார். முப்பது வருஷத்துல...

சரி, விடுங்க. கோவம் எறங்கினா வருவா. நான் வீட்டப் பூட்டுறதில்ல.

மழை பலமா வருதுல்ல? சன்னலச் சாத்துங்க, சாரல் அடிக்குது. காலக் கொஞ்சம் இப்படி வச்சுக்கோங்க, அந்த ரெண்டு சாக்கும் நம்மதுதான். கனமா இருக்குன்னு பாக்குறீங்களா? இரும்பு சார். ஹேண்டிலுதான். புது ஆர்டர் வந்திருக்கு. செக்‌ஷன் ஆபீஸ்ல பாதுகாப்புப் பத்தல, இப்படி ஒரு சம்பவம் நடந்துபோச்சு, அதனால எல்லா ஹேண்டிலையும் மாவட்டத் தலைமை ஆபீஸ்ல ஒப்படைக்கணும்னு. அங்க கேமரா இருக்கு, ரெண்டு பூட்டு, ரெண்டு அதிகாரிகிட்ட ஆளுக்கொரு சாவி. எவளும் எடுக்க முடியாது. ஜீப்பு ரிப்பேர்ல கெடக்கு, நான் பஸ்ஸுலயே கொண்டுபோறேன். நாளைக்குக் கடைசித் தேதி. நாப்பது இருக்கு. ஓடையேந்தலுது கோர்ட்டுல இருக்கு.

நீங்க எங்க சார் எறங்கணும்? ஆலங்குட்டமா? அட, அங்கயா. ஆலங்குட்டம் கண்மாய் இருபத்தேழாம் நம்பரு. நல்ல கண்மாய், பெரிய கரை. நெறைஞ்சிருச்சா? யாரு சொன்னா, உங்க தம்பியா? கரை மேல நின்னுக்கிட்டா போன் பண்ணினாரு? ம். ம்.

இருக்கு சார். இந்தச் சாக்குலதான் இருக்கு. இல்ல, கட்ட அவுக்காதீங்க. சார், கையத் தூக்காதீங்க, நான் சத்தம் போடுற ஆளு இல்ல, ஆனா போட வச்சிராதீங்க. எழுத்துல குடுங்க. தலைவர் கையெழுத்து வேணும், எத்தனை அடின்னு இருக்கணும். மனுவத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பணும், எனக்கு இல்ல. நான் கொண்டுபோற ஆளு மட்டும்தான். நாளன்னைக்கு வந்தீங்கன்னா நானே கூட்டிட்டுப் போயி யாரப் பாக்கணும்னு காட்டுறேன்.

கோவப்படாதீங்க சார். உங்க நல்லதுக்குத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்.

ஸ்டாப்பு வந்துருச்சு, எறங்குங்க. பாத்து, படியில தண்ணி. சார், ஒரு நிமிஷம், இதக் கேட்டுட்டுப் போங்க. வீட்டுல இருக்கிறவங்கள எல்லாம் இப்பவே கெளப்பி பள்ளிக்கூடத்து மாடிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. சாமான் எடுக்க நிக்காதீங்க. ஓடையேந்தல்ல மாடியில ஏறினவங்க ஒருத்தர்கூடச் சாகல.